பத்தாயிரத்துக்கு ஒன்று

2025 ஏப்ரல் மாதம் பாரிஸ் பங்குச் சந்தையில் ஒரு காரியம் நடந்தது. ஆத்தோஸ் என்ற பிரெஞ்சுக் கணினி நிறுவனத்தின் பழைய பங்குகள் 10,000 வைத்திருந்தவர்களிடம் அவற்றை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரே ஒரு புதிய பங்கைக் கொடுத்தார்கள். 2017-ஆம் ஆண்டின் கடைசியில் அந்தப் பங்கு ஒன்றின் விலை 100 யூரோவுக்கு மேல். அதாவது பத்தாயிரம் பங்கு வைத்திருந்தவர் அன்றைக்குப் பத்து லட்சம் யூரோவுக்குச் சொந்தக்காரர். ஏழரை ஆண்டு கழித்து அவர் கையில் மிஞ்சியது சில பத்து யூரோ. குடும்பத்தோடு ஒருவேளை ஓட்டலில் சாப்பிடலாம்.

இது ஏதோ சீமைச் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாதபடி இரண்டு காரணங்கள் உண்டு. நம் காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சொல்தா பென்ஷன் வாங்கிய பெரியவர்களின் பேரப் பிள்ளைகள் பாரிசிலும் அதன் புறநகர்களிலும் வேலை பார்க்கிறார்கள். இன்னொன்று, இந்த ஆத்தோஸ் 2018-இல் விலை கொடுத்து வாங்கிய சின்டெல் என்ற நிறுவனத்துக்குச் சென்னை சிறுசேரியிலும் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கங்கைகொண்டானிலும் பெரிய வளாகங்கள் உண்டு. டெல்டாப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆக, கதையின் ஒரு நுனி பாரிசில் இருந்தால் மறு நுனி நம் பக்கத்தில்தான் இருக்கிறது.

பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆதலால் பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போகவில்லை. இந்த நிறுவனத்தின் வீழ்ச்சியை ஐந்தாறு வருடங்களாகத் தொடர்ந்து படித்து வந்தேன். அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவனுக்கு இப்படிப்பட்ட விஷயத்தில் ஒரு ருசி இருக்கும், அதை மறைப்பானேன்.

முதலில் ஆத்தோசின் வம்சாவளியைச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் அக்சீம், ஸ்லிகோஸ் என்ற இரண்டு பிரெஞ்சு நிறுவனங்கள் சேர்ந்து ஆத்தோஸ் ஆயிற்று. 2000-இல் பிலிப்ஸ் கம்பெனியின் கிளையான ஆரிஜினோடு சேர்ந்தது. 2004-இல் ஷ்லும்பெர்ஜே நிறுவனத்திடமிருந்து சேமா என்ற பிரிவை வாங்கியது. 2011-இல் ஜெர்மனியின் சீமென்ஸ் தன் கணினிச் சேவைப் பிரிவை 85 கோடி யூரோ மதிப்பில் இதனிடம் கொடுத்தது. 2014-இல் ப்யூல் என்ற பழம்பெரும் பிரெஞ்சுக் கணினி நிறுவனம் ஏறத்தாழ 62 கோடி யூரோவுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க ஜெராக்சின் கணினிப் பராமரிப்புப் பிரிவு, 105 கோடி டாலர். 2017 டிசம்பரில் ஜெமால்ட்டோ என்ற சிப் அட்டை நிறுவனத்தை 430 கோடி யூரோவுக்குக் கேட்டார்கள். தாலேஸ் கூடுதல் விலை சொல்லிக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அந்தக் கை அரிப்பு அடங்குவதற்குள், 2018 ஜூலையில், 340 கோடி டாலருக்குச் சின்டெல்.

இந்தக் காலத்தில் பெரும்பகுதி தலைமையில் இருந்தவர் தியரி ப்ரெத்தோன். முன்பு பிரான்சின் நிதி அமைச்சராக இருந்தவர். 2008 கடைசியில் ஆத்தோசுக்கு வந்து 2019-இல் ஐரோப்பிய ஆணையத்துக்குப் போகும்வரை பதினோரு ஆண்டு அங்கே இருந்தார். அவர் காலத்தில்தான், 2017-இல், பிரான்சின் முதல் நாற்பது நிறுவனங்களின் பட்டியலான காக் 40-இல் ஆத்தோஸ் இடம் பிடித்தது.

நண்பர்களே, கம்பெனியோடு கம்பெனியை ஒட்டிப் பெரிதாக்குவது கணினிக் காலத்து வித்தை அல்ல. நம் ஊரை விலைக்கு வாங்கிய கம்பெனியே அப்படி ஒட்டுப்போட்டு உண்டானதுதான். 1664-இல் கோல்பேர் தொடங்கிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஐம்பது வருடத்தில் நொடித்துப் போயிருந்தது. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லா 1717-இல் மிசிசிப்பி வர்த்தகத்துக்காக மேற்கத்தியக் கம்பெனியைத் தொடங்கினார். பிறகு செனெகல் கம்பெனியைச் சேர்த்துக்கொண்டார். 1719 மே மாதம் கிழக்கிந்தியக் கம்பெனியையும் சீனக் கம்பெனியையும் சேர்த்து ஒரே 'கொம்பாஞி தே ஸாந்த்' ஆக்கினார். அடுத்து நாணயச் சாலை, அடுத்து வரி வசூல், கடைசியில் ராஜாவின் கடன் முழுவதும். ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் புதுப் பங்கு வெளியிட்டார். பழைய பங்கு நாலு வைத்திருப்பவர்தான் புதுப் பங்கு ஒன்று வாங்கலாம் என்று விதி. ஜனங்கள் அந்தப் பங்குகளுக்கு அம்மா, மகள், பேத்தி என்று பெயரே வைத்துவிட்டார்கள். 500 லிவர் முகமதிப்புள்ள பங்கு 1720 ஜனவரியில் 10,000 லிவர் வரை போயிற்று. அந்த வருடம் முடிவதற்குள் எல்லாம் சரிந்து, டிசம்பரில் அவர் நாட்டைவிட்டே ஓடினார்.

பிரெஞ்சுக்காரர்கள் அவர் பெயரை 'லாஸ்' என்று உச்சரித்தார்கள். நம் கடைத்தெருவில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருள் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் முன்னாலேயே உஷாராகியிருக்கலாம்! அவருடைய சகோதரர் மகன் ழான் லா தெ லொரிஸ்தோன்தான் பின்னாளில், 1765 முதல், புதுச்சேரியின் கவர்னராக இருந்தவர்.

ஜான் லா கம்பெனிகளைச் சேர்த்தபோது சொத்து மட்டும் வரவில்லை. பழைய கிழக்கிந்தியக் கம்பெனி சூரத் வியாபாரிகளிடம் வைத்திருந்த கடனும் கூடவே வந்தது. அந்தக் கடனைத் தீர்க்காமல் பிரெஞ்சுக் கப்பல் சூரத்தில் நிம்மதியாகச் சரக்கு இறக்க முடியாத நிலை. வாங்குகிறவனுக்கு விற்கிறவனின் வழக்கும் வம்பும் சேர்ந்தே வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சின்டெலில் திரும்ப வரும்.

இத்தனைக்கும் அந்தக் கம்பெனி அழிந்துவிடவில்லை. காகித மாளிகை சரிந்தபின் அடியில் கிடந்த உண்மையான வியாபாரம், அதாவது கப்பல், துணி, மிளகு, பிழைத்துக்கொண்டது. அந்தப் பிழைத்த கம்பெனிதான் கவர்னர் துய்மா காலத்தில் தஞ்சாவூர் ராஜாவோடு பேரம் பேசி 1739-இல் காரைக்காலைக் கைக்கொண்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது நடக்கும் கணக்கைப் பாரதியார் வீதியில் ஒரு கடையை வைத்தே புரிந்துகொள்ளலாம். கடையில் சரக்கு, தராசு, அலமாரி எல்லாம் சேர்த்து மதிப்பு 10 லட்சம். நீங்கள் கொடுத்த விலை 40 லட்சம். மிச்ச 30 லட்சத்துக்கு என்ன வாங்கினீர்கள்? கடையின் பெயர், பழகின வாடிக்கை, மூலைக் கடை என்ற வசதி. இங்கிலீஷ்காரன் இதற்கு குட்வில் என்று இனிப்பாகப் பெயர் வைத்தான். பிரெஞ்சுக் கணக்கர்களின் பெயர் 'எக்கார் தாக்கிசிசியோன்'. எக்கார் என்றால் இடைவெளி. கொடுத்த விலைக்கும் கண்ணால் காணும் சொத்துக்கும் நடுவில் உள்ள பள்ளம். எனக்குப் பிரெஞ்சுப் பெயர்தான் யோக்கியமானதாகப் படுகிறது.

அந்த 30 லட்சத்தையும் ஐந்தொகையில் சொத்து என்றே எழுதிக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது. வாடிக்கை போய்விட்டது என்று நீங்களே ஒப்புக்கொள்ளும் நாள்வரை அது சொத்தாகவே நிற்கும். ஒப்புக்கொள்ளும் நாளில் மொத்தமாக நட்டத்தில் எழுத வேண்டும். ஆகையால் எந்த நிர்வாகியும் அந்த நாளைத் தன் பதவிக்காலத்துக்குப் பிறகு வரும்படிதான் பார்த்துக்கொள்வார். இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, மனித சுபாவம்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. கடை உங்களுடையது ஒன்று, வாங்கினது ஒன்று. உங்கள் பழைய கடையில் வியாபாரம் நூற்றுக்குப் பத்து குறைந்தாலும், இரண்டையும் கூட்டிச் சொன்னால் 'இந்த வருடம் விற்பனை கூடியது' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வருடமும் அப்படிச் சொல்ல வேண்டுமானால் மூன்றாவது கடை வாங்க வேண்டும். வாங்காத வருடத்தில்தான் குட்டு உடையும். ஆத்தோசின் பழைய தொழில் மற்றவர்களின் கணினிக் கூடங்களைப் பராமரிப்பது. அமேசான், மைக்ரோசாப்ட் போன்றவர்கள் மேகக் கணினி என்று வாடகைக்கு விட ஆரம்பித்ததும் அந்தத் தொழில் ஆண்டுக்காண்டு தேய்ந்தது. சீமென்ஸ், ஜெராக்ஸ் இரண்டிடமிருந்தும் வாங்கியதும் பெரும்பாலும் அதே தேய்கிற தொழிலைத்தான். உருகும் ஐஸ் கட்டியை இன்னும் இரண்டு ஐஸ் கட்டி வாங்கி ஈடுகட்டியது போல.

சின்டெல் விஷயத்துக்கு வருகிறேன். 1980-இல் பரத் தேசாயும் நீரஜா சேத்தியும் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் அது. வேலை பெரும்பாலும் இந்தியாவில் நடக்கும். வருமானம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வரும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன்ற சில பெரிய வாடிக்கையாளர்களையே நம்பி இருந்தது. லாப விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு 25. ஆத்தோஸ் கனவிலும் காணாதது. ஆனால் வருமானத்தைப் பாருங்கள்: 2015-இலும் 2016-இலும் ஏறத்தாழ 97 கோடி டாலர், 2017-இல் 92 கோடி. வளரவில்லை, குறைந்துகொண்டிருந்தது. இன்னும் ஒன்று. 2016-இல் இந்தியாவில் சேர்த்து வைத்திருந்த 120 கோடி டாலருக்கும் மேற்பட்ட ரொக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், பங்கு ஒன்றுக்கு 15 டாலர் வீதம் சிறப்பு ஈவுத்தொகையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதாவது வீட்டை விற்பதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே பெட்டகத்தைக் காலி செய்தாயிற்று. தவறு என்று சொல்ல முடியாது, அவர்கள் பணம், வரி கட்டி எடுத்தார்கள். வாங்க வந்தவர் காலிப் பெட்டகம் உள்ள வீட்டுக்கு என்ன விலை கொடுத்தார் என்பதுதான் கேள்வி. வருட வருமானத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். அதே சமயம் சந்தையில் ஆத்தோசின் மொத்த மதிப்பு அதன் சொந்த வருட வருமானமான 1,270 கோடி யூரோவை எட்டவில்லை. தன்னைவிட நாலு மடங்கு விலைப்படியில் இருந்த ஒன்றை, கடன் வாங்கி வாங்கினார்கள்.

கூடவே ஒரு வழக்கு. சூரத் கடன் என்று சொன்னேனே, அது. டிரைசெட்டோ என்ற அமெரிக்க நிறுவனம் மருத்துவக் காப்பீட்டுக்காரர்களுக்கு மென்பொருள் செய்வது. அதற்குச் சின்டெல் துணை ஒப்பந்தக்காரராக இருந்து வேலை பார்த்தது. 2014-இல் டிரைசெட்டோவை 270 கோடி டாலருக்கு வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் சென்னையில் 1994-இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டும் சத்யமும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் காக்னிசன்ட் என்று பெயர் மாறியது, அதுதான். போட்டியாளரின் கைக்கு டிரைசெட்டோ போனதும் சின்டெல் உறவை முறித்துக்கொண்டது. 2015 ஜனவரியில் சின்டெல்தான் முதலில் வழக்குப் போட்டது. டிரைசெட்டோ பதிலுக்கு, எங்கள் மென்பொருள் ரகசியங்களை எடுத்துக்கொண்டார்கள் என்று எதிர் வழக்குப் போட்டது. ஆத்தோஸ் சின்டெலை வாங்கும்போது வழக்கு மூன்று வயது நிரம்பியது, ஊரறிந்தது. 2020 அக்டோபரில் நியூயார்க்கில் ஜூரி தீர்ப்பு: சின்டெல் 85.5 கோடி டாலர் கொடுக்க வேண்டும். வாங்கின விலையில் நாலில் ஒரு பங்கு! பிறகு நீதிபதி அதைக் குறைத்தார். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நட்ட ஈட்டுக் கணக்கையே தள்ளிவைத்தது. ஆனால் இடைப்பட்ட இரண்டரை வருடம் அந்தத் தொகை தலைக்கு மேல் தொங்கிய கத்தி. அந்தச் சமயத்தில்தான் ஆத்தோசுக்குக் கடன் கொடுப்பவர்களின் முகம் மாற ஆரம்பித்தது.

2021 தொடக்கம் ஒரு கெட்ட காலம். ஜனவரியில் டிஎக்ஸ்சி என்ற பிரமாண்ட அமெரிக்க நிறுவனத்தை வாங்கப் போகிறோம் என்று பேச்சுக் கிளம்பியது. பங்குதாரர்கள் பதறிப்போய் விலையைச் சரித்தார்கள். சில வாரத்தில் பேச்சைக் கைவிட்டார்கள். ஏப்ரல் முதல் தேதி (முட்டாள்கள் தினம் என்று பலர் நம்பாமல் பார்த்திருப்பார்கள்) தணிக்கையாளர்கள் கையெழுத்தில் ஒரு கொக்கி போட்டார்கள். அமெரிக்காவில் உள்ள இரண்டு கிளைகளின் கணக்கு எங்களுக்குத் திருப்தி இல்லை. அவை மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 11. அன்று ஒரே நாளில் பங்கு பத்து சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. மே மாதப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒருங்கிணைந்த கணக்கை ஏற்க மறுத்து ஓட்டுப் போட்டார்கள். பிரான்சில் இப்படி நடப்பது அபூர்வத்திலும் அபூர்வம். பிறகு தோண்டித் துருவிப் பார்த்ததில் பெரிய பிசகு எதுவும் அகப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்துச் சத்யம் விவகாரம் போல இங்கே யாரும் இல்லாத ரொக்கத்தை இருப்பதாக எழுதவில்லை. சத்யத்தில் 2009 ஜனவரியில் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி 5,040 கோடி ரூபாய் வெறும் எழுத்து. ஆத்தோசில் எழுதினதெல்லாம் விதிப்படி எழுதியதுதான். விதிப்படி எழுதிய கணக்கும் உண்மையை ரொம்ப நாள் மூடிவைக்க முடியும் என்பதால்தான் எனக்கு இந்தக் கதை சத்யத்தைவிடச் சுவாரசியமானது.

எப்படி என்றால், லாபம் என்பது ஓர் அபிப்பிராயம், ரொக்கம்தான் சாட்சி. 2020-இல் ஆத்தோசின் இயக்க லாபம் நூற்றுக்கு 9 என்று கணக்கு சொன்னது. அடுத்த வருடமே மூன்றரை. அந்த 2021-இல் ரொக்க வரவு செலவைப் பார்த்தால், கையிலிருந்து போனது 42 கோடி யூரோ. ஒவ்வொரு வருடமும் 'மறுசீரமைப்புச் செலவு' என்று ஒரு தலைப்பு தனியாக இருக்கும், வழக்கமான செலவில் சேராத ஒரு தடவைச் செலவு என்ற பெயரில். வருடா வருடம் வருகிற ஒரு தடவைச் செலவு! கருவூலத்தில் பில் பார்த்தவர்களுக்கு இந்த ஜாதிச் செலவு நன்றாகத் தெரியும். தற்காலிகம் என்று மஞ்சூராகி, மூன்று அதிகாரிகள் மாறியும் தற்காலிகமாகவே இருக்கும்.

பிறகு பள்ளத்தை ஒப்புக்கொள்ளும் நாள் வந்தது. 2021-இல் நட்டம் 296 கோடி யூரோ, 2022-இல் 101 கோடி, 2023-இல் 344 கோடி. அந்த 344-இல் ஏறத்தாழ 250 கோடி குட்வில் தள்ளுபடி மட்டுமே. 2021 செப்டம்பரில் காக் 40 பட்டியலிலிருந்து வெளியேற்றம். தலைவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். ஏலி ஜிரார் போய் ரொடோல்ஃப் பெல்மேர் வந்தார், அவரும் ஆறு மாதத்தில் விலகினார். நிறுவனத்தை இரண்டாகப் பிளக்கலாம் என்று ஒரு திட்டம், செக் நாட்டுக் கோடீஸ்வரருக்கு ஒரு பாதியை விற்கலாம் என்று ஒரு திட்டம், ஏர்பஸ்சுக்கு இன்னொரு பகுதி என்று ஒரு திட்டம். எதுவும் கூடிவரவில்லை. 2024 அக்டோபரில் நாந்தேர் வணிக நீதிமன்றம் கடன்காரர்களின் திட்டத்தை ஒப்புக்கொண்டது. கடனில் ஏறத்தாழ 210 கோடி யூரோ குறைந்தது, பதிலுக்கு நிறுவனம் கடன்காரர்கள் கைக்குப் போயிற்று. பழைய பங்குதாரர்களுக்குக் கிடைத்தது முதல் பத்தியில் சொன்னதுதான்.

நியாயத்துக்காக ஒன்று: 2019-இல் ஆத்தோஸ் தன் பங்குதாரர்களுக்கு வேர்ல்டுலைன் என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பங்குகளைப் பிரித்துக் கொடுத்தது. அதுவாவது மிஞ்சியதே என்று பலர் நினைத்தார்கள். அந்தப் பிள்ளையும் தாய் வழியிலேயே போயிற்று. 2020-இல் இன்ஜெனிகோ நிறுவனத்தை 780 கோடி யூரோ கணக்கில் வாங்கியது. 2023 அக்டோபரில் ஒரே நாளில் அதன் பங்கு பாதிக்கும் மேல் விழுந்தது.

சரி, கணக்குப் போகட்டும், செய்த வேலை எப்படி? இங்கேதான் கதை நேர்கோட்டில் போகவில்லை.

2004-இல் சேமாவை வாங்கியபோது இரண்டு விஷயங்கள் கூடவே வந்தன. ஒன்று ஒலிம்பிக் விளையாட்டின் கணினி வேலை. மற்றொன்று பிரிட்டனில் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மருத்துவப் பரிசோதனை செய்யும் அரசு ஒப்பந்தம். முதலாவதில் ஏதென்ஸ் தொடங்கிப் பாரிஸ் 2024 வரை இருபது வருடம் உலகம் பார்க்கப் பழுதில்லாமல் வேலை நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக் நடந்த அந்த ஜூலை, ஆகஸ்டில் நிறுவனமே நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சம்பளம் வருமா என்று தெரியாத பையன்கள் நூறு மீட்டர் ஓட்டத்தின் நேரத்தை ஒரு நொடி பிசகாமல் உலகுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவதில் பெயர் கெட்டது. 2008-இல் பிரிட்டிஷ் அரசு விதிகளைக் கடுமையாக்கிப் புதிய தகுதிப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. வேலை செய்ய முடியாதவர்களை முடியும் என்று எழுதிவிட்டார்கள் என்று ஆயிரக்கணக்கில் மேல்முறையீடு. மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் கணிசமானோர் ஜெயித்தார்கள். 2013-இல் அறிக்கைகளின் தரம் போதாது என்று அரசே குறை சொன்னது. 2014-இல் தவணைக்கு முன்னாலேயே ஆத்தோஸ் ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொண்டது. விதி வகுத்த அரசின் பழியையும் சேர்த்து அந்தப் பெயர் சுமந்தது என்பது என் எண்ணம். ஆனாலும் சக்கர நாற்காலியில் வந்தவர்களின் படிவத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பியது அவர்கள் ஆட்கள்தானே.

காரைக்கால்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பரமதத்தன் மாங்கனி இரண்டா என்று எண்ணியிருந்தால் கணக்குச் சரியாகவே இருந்திருக்கும். அனுப்பியது இரண்டு, இலையில் விழுந்தது இரண்டு. நாக்கு அல்லவா இரண்டாவது கனியின் வேறுபாட்டைச் சொன்னது. எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே ருசியைக் கேட்கத் தெரிந்தவன் என்ற அளவில் நம் ஊர் வணிகனுக்கு ஒரு மரியாதை உண்டு. (அது தெய்வக் கனி, அங்கே ருசி கூடியது, கம்பெனி விஷயத்தில் பெரும்பாலும் குறையும். வித்தியாசம் அவ்வளவுதான்.)

சேர்க்கைக்குப் பின் தரம் ஏன் ஆடிப்போகிறது என்பதற்குப் பெரிய தத்துவம் வேண்டாம். நான் வேலை பார்த்த காலத்தில் இரண்டு சிறு அலுவலகங்களை ஒன்றாக்கினார்கள். பெயர்ப் பலகை ஒரே நாளில் மாறியது. பதிவேடுகள் ஒன்றாக மூன்று வருடம் ஆயிற்று. ஒரு பக்கத்தார் கோப்புக்கு வருட வாரியாக எண் போட்டவர்கள், மறு பக்கத்தார் பொருள் வாரியாக. எந்தக் கோப்பு எங்கே என்று தெரிந்த பழைய ரெக்கார்டு கிளார்க் ஓய்வு பெற்றுப் போனபின், பொதுமக்கள் ஒரு நகலுக்கு நாலு தடவை நடந்தார்கள். மென்பொருளும் அப்படித்தான். அதை எழுதினவன் தலைக்குள் இருப்பதுதான் பாதிச் சரக்கு. 'செலவு குறைப்பு' என்று அவனை அனுப்பிவிட்டால், வாங்கிய விலையில் பாதியை வாசல் வழியாக நடக்க விட்டதாகும். அந்த நட்டம் அந்த வருட ஐந்தொகையில் வராது. நாலு வருடம் கழித்து வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதபோது வரும்.

வாங்குவதே பாவம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு பிரெஞ்சு நிறுவனம் கேப்ஜெமினி. 2006-இல் கான்பேயை 125 கோடி டாலருக்கும், 2015-இல் ஐகேட்டை 400 கோடி டாலருக்கும் வாங்கியது. இரண்டும் இந்தியாவில் வேலை நடக்கும் நிறுவனங்கள். ஐகேட்டுக்குக் கொடுத்த விலையும் வருமானத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல். சின்டெலுக்குப் பெரிதும் குறைந்ததல்ல. கேப்ஜெமினி மூழ்கவில்லை. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், வாங்கியவனின் சொந்தக் கடை ஓடிக்கொண்டிருந்தது. வட்டி கட்ட அதிலிருந்தே ரொக்கம் வந்தது. ஆத்தோசின் சொந்தக் கடையில் ஈ ஓட்ட ஆரம்பித்த பிறகு வாங்கப் போனார்கள்.

இனி ப்யூல். 1930-களில் பாரிசில் துளை அட்டை இயந்திரம் செய்து ஆரம்பித்த நிறுவனம். பெயர் பிரெட்ரிக் ப்யூல் என்ற நார்வே பொறியாளருடையது. 1964-இல் பணமுடையில் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் கைக்குப் போனபோது தெ கோல் அரசுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. 1982-இல் மித்தெரான் அரசு நாட்டுடைமையாக்கியது. பிறகு தனியார் கைக்குத் திரும்பி 2014-இல் ஆத்தோசுக்கு வந்தது. இந்த ப்யூல் செய்யும் மீத்திறன் கணினிகள்தாம் பிரான்சின் அணு ஆயுதச் சோதனைகளைக் கணக்கிலேயே நடத்திப் பார்ப்பவை. 2018-இல் நம் இந்திய அரசின் சி-டாக் நிறுவனமும் மீத்திறன் கணினித் திட்டத்துக்காக இவர்களோடு ஒப்பந்தம் செய்தது. தாய் நிறுவனம் மூழ்கிக்கொண்டிருந்த அதே வருடங்களில் இந்தப் பிரிவு ஜெர்மனியின் யூலிஷ் நகரில் ஐரோப்பாவிலேயே வேகமான கணினியை நிறுவிக்கொண்டிருந்தது. ஐந்தொகையின் நட்டம் அந்தப் பட்டறைக்குள் நுழையவில்லை.

அதனால்தான் பிரெஞ்சு அரசு அதைக் கடன்காரர்களிடம் விட மனமில்லாமல் பேரம் பேசியது. 2025 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது, அதிகபட்சம் 41 கோடி யூரோ. 1982-இல் அரசு வாங்கியது; பிறகு விற்றது; இப்போது மறுபடி வாங்கியிருக்கிறது. சிறுசேரியிலும் கங்கைகொண்டானிலும் வாசல் பலகையில் பெயர் மாறியதே தவிர, காலையில் கம்பெனி பஸ் வந்து நின்று பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போவது நடந்துகொண்டுதான் இருக்கிறது.